கிணற்றடிப் பனையில் இரண்டு பேர்

பரமலிங்கத்தின் கைகள் நார் முறுக்கிக்கொண்டிருந்தன. பனைமட்டையிலிருந்து உரித்து நனைய வைத்த நாரின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டி, மற்றப் பக்கத்தை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். மரம் ஏறும்போது பாதங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் அது. தளநார் என்பார்கள். பழையது தேய்ந்துபோனதால் புதிதாக ஒன்று செய்துகொண்டிருந்தார்.

நான் அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, சாப்பாட்டு விஷயத்தை இன்னொரு முறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தேங்காய்ப்பால் கூடாது. பொரியல் கூடாது. நெய் கூடாது. நாள் முழுக்கப் பசி கிடந்திட்டு ஒரேயடியாச் சாப்பிடவும் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது மிசி. மரம் ஏறக்கூடாது எண்டும் சொல்லுவியள். அதையும் சொல்லி முடியுங்கோ."

"ஏறக்கூடாது."

"சரி. சொல்லியாச்சு," என்று நாரை இழுத்துப் பலம் பார்த்தார். அடுப்படியில் நின்ற அவருடைய மனைவி அஜந்தா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலணையில் என் வளவுக்கும் அவர்களுடைய வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலிதான். ஆஸ்பத்திரி வார்டுகளில் உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றபின், வீடுகளில் நோயாளரைப் பராமரிப்பதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன். தாதிப் படிப்புப் படிக்காவிட்டாலும் ஊர் என்னை மிசி என்றுதான் கூப்பிடுகிறது. திருத்திப் பார்த்து, களைத்து, விட்டுவிட்டேன்.

பரமலிங்கம் பனையில் கள் இறக்கும் சீவல் தொழிலாளி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். மீசை அரும்பிய வயதில் மரம் ஏறத் தொடங்கியவர். போரில் தீவுப்பகுதிச் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் வன்னிக்குப் போய் அங்கேயும் பனைதான் ஏறினார். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. பனைகள் நின்றன. முதலில் மரங்களைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பார்த்தார் என்று அஜந்தா இப்போதும் குத்திக்காட்டுவாள்.

தைப்பொங்கல் கழிந்து சில நாளில் அவருக்கு வலது விலாவின் கீழ் வலி வந்தது. வாய்வு என்றார்கள். ஓமத்தண்ணீர், பெருங்காயம், இஞ்சிச் சாறு எல்லாம் உள்ளே போயின. வலி தானாக நின்றது. இஞ்சிக்குப் பெயர் கிடைத்தது. மூன்றாம் முறை வலி முதுகுப்பக்கமாக வலது தோள்வரை ஏறியபோது அஜந்தா வேலியால் கூப்பிட்டாள். நான் போய் விலாவின் கீழ் விரலை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னேன். பாதி மூச்சில் அவருடைய முகம் மாறியது. அடுத்த நாளே ஸ்கான் எடுக்க அனுப்பிவிட்டேன். பித்தப்பையில் கல். ஒன்றல்ல, பல.

பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார் டொக்டர். ஆனால் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். முறை வரும்போது ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் அறிவிப்பார்கள். அதுவரைக்கும் கொழுப்பைக் குறைக்க வேண்டும், மரம் ஏறக்கூடாது. காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, வலி நிற்காமல் நீண்டாலோ உடனே வர வேண்டும். "நிலத்திலை நிக்கேக்கை வலி வந்தால் அது வலி மட்டும்தான். மேலை நிக்கேக்கை வந்தால் என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை," என்று அந்த டொக்டர் சொன்னதாக அஜந்தா வந்து சொன்னாள். அவளுக்கு அன்றைக்கே நித்திரை போய்விட்டது.

அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாளைகளைத் தொடக்கிவிட்டார். பாளையைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவினால்தான் கள் சொட்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து மூடிவிடும். பிறகு அந்த வருடத்துக்கு அந்தப் பாளை இல்லை. வேறொருவரிடம் கொடுத்துச் சீவச் சொல்லலாம்தானே என்று கேட்டேன். என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் போலப் பார்த்தார்.

"பாளை ஒரு கையிலை பழகினது மிசி. கை மாறினால் முகத்தைத் திருப்பிப்போடும். வத்திப்போம்."

எங்கள் பக்கத்துச் சீவல்காரர் பலருக்கு இந்த நம்பிக்கை உண்டு. ஒருவர் தொடக்கின பாளையில் மற்றவர் கத்தி வைப்பதில்லை.

வைப்பதாக இருந்தாலும் அயலில் ஏறக்கூடியவர் தம்பிஐயா ஒருவர்தான். அவர் பரமலிங்கத்தைவிட மூத்தவர், மெலிந்த ஆள், ஈர்க்கு மாதிரி. இருவரும் கதைத்து நாலு வருடம். கனடாவில் இருக்கிற காணிக்காரர் கிணற்றடிப் பனைகள் மூன்றையும் தொலைபேசியில் பரமலிங்கத்துக்குக் கொடுத்தார். அதை மறந்துபோய், அடுத்த கிழமை தம்பிஐயாவுக்கும் கொடுத்தார். பரமலிங்கம் முந்திக்கொண்டு ஏறிவிட்டார். காணிக்காரரோடு இருவருக்கும் இன்றைக்கும் நல்ல உறவு. தங்களுக்குள்தான் பேச்சில்லை. சந்தியில் ஒருவர் வந்தால் மற்றவர் சைக்கிளைத் திருப்புவார். ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் நடுவில் நிற்கும் மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள். ஒருவரும் இல்லாவிட்டால் நாயிடம் சொல்வார்கள்.

ஆகவே அவர் ஏறுவார், நாங்கள் சாப்பாட்டால் கல்லை அடக்குவோம் என்று அஜந்தாவும் நானும் தீர்மானித்தோம். நல்ல தீர்மானமல்ல, எங்களிடம் இருந்த ஒரே தீர்மானம்.

முதலில் அவருடைய சொந்த வைத்தியத்தை நிறுத்த வேண்டியிருந்தது. சாப்பிட்டால்தானே வலி வருகிறது, சாப்பிடாமல் ஏறினால் வராது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். விடியற்காலையிலிருந்து பொழுதுபடும்வரை வெறும் தண்ணீர். மாலை இறங்கி வந்து, ஒரு சட்டிச் சோற்றைப் பால் விட்ட கறியோடு சாப்பிடுவார். பகல் முழுக்கச் சும்மா கிடந்து தடித்த பித்தத்தை இரவில் ஒரேயடியாகப் பிழியச் சொன்னால் கல் வந்து வாயை அடைக்காமல் என்ன செய்யும்? இதை விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுத்தது.

அதன்பிறகு அஜந்தா பார்த்த பராமரிப்பை நான் வார்டுகளில்கூடக் கண்டதில்லை. ஏறமுன் இரண்டு இடியப்பம், பால் விடாத சொதி. இறங்கியபின் கஞ்சி. கொழுப்புக் குறைந்த மீனைப் புளியில் அவித்துக் கொடுத்தாள். பிட்டுக்குத் தேங்காய்ப்பூவைப் பெயருக்குத் தூவினாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக, மறக்காமல். அவர் "இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று முகத்தைச் சுளிப்பார். "ஆஸ்பத்திரியிலை கிடந்து சாப்பிடாமல் இருக்கத்தான்," என்பாள். பங்குனி போனது, சித்திரை போனது. வலி வரவில்லை. தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

வைகாசியில் அவருடைய தாயாரின் துவசம் வந்தது.

மண்கும்பானிலிருந்து அவருடைய அக்கா முதல்நாளே வந்து குசினியைப் பிடித்துக்கொண்டார். கத்தரிக்காயைப் பொரித்து முதற்பாலில் குழம்பு வைத்தார். உளுந்து வடை சுட்டார். பாயாசத்தில் நெய்யில் வதக்கிய முந்திரிகை மிதந்தது. எனக்கும் இலை போட்டார்கள். பரமலிங்கத்தின் இலையைப் பார்த்ததும் நான் சொன்னேன்:

"இது அவருக்கு ஆகாது. அவருக்கு அஜந்தா வேறையாக் காய்ச்சி வைச்சிருக்கிறாள்."

"அம்மாவுக்குப் படைச்சதை ஆம்பிளைப்பிள்ளை வேண்டாமெண்டு சொல்லலாமே மிசி?" என்றார் அக்கா. "அம்மா தன்ரை பிள்ளைக்கு நோவு குடுப்பாவே?"

"கொழுப்புக்குத் தாய் பிள்ளை தெரியாது."

அக்கா என் இலையில் இன்னொரு வடை வைத்தார். அதுதான் மறுமொழி. பரமலிங்கம் யாருடைய முகத்தையும் பார்க்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார். அஜந்தா அழாக்குறையாகப் பார்த்துக்கொண்டிருக்க, துவசச் சோற்றில் மிச்சம் விடக்கூடாது என்பதற்காகப் பாயாசத்தையும் குடித்தார்.

பின்னேரம் வழக்கம்போல் ஏறினார்.

நான் என் முற்றத்தில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடிப் பக்கம் ஏதோ விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. கள் இறக்கும் மண்முட்டி. அவர் கையிலிருந்து முட்டி விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உடுப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாமோ தெரியாது.

அஜந்தா மரத்தடியில் அண்ணாந்தபடி நின்றாள். மூன்று பனைகளிலும் உயரமானது அது. சோழகக் காற்று தொடங்கியிருந்தது. மேலே மட்டைகளுக்கு நடுவில் பரமலிங்கம் குந்தியிருந்தார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து இடுப்பைச் சுற்றி ஒரு மட்டையோடு தன்னைக் கட்டியிருந்தார். அந்த வலியில் அதைக் கட்டியிருக்கிறார். நெற்றி மட்டையில் சாய்ந்திருந்தது.

"இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று அஜந்தா கத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் சத்தி எடுத்தார். காற்று அதை அங்கால் கொண்டுபோனது.

"பரமலிங்கம், வாயாலை மூச்சை விடும். மெல்ல மெல்ல விடும்," என்று கூப்பிட்டேன். செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. என் கைக்கு எட்டாத இடத்தில் நோயாளி இருப்பது எனக்கு அதுவே முதல் தடவை.

பித்தப்பை வலியை நான் பார்த்திருக்கிறேன். பெரிய தேகக்காரர்கள் நிலத்தில் புரண்டு கத்துவார்கள். பிள்ளைப்பேற்று வலியைவிட மோசம் என்று நாலு பெற்ற பெண் ஒருத்தி எனக்குச் சொல்லியிருக்கிறாள். புரளவும் இடமில்லாமல், கத்தவும் மூச்சில்லாமல், ஆடுகிற மரத்தின் உச்சியில் ஒருவர் அதை வைத்துக்கொண்டிருந்தார். வானத்துக்கு எதிரே அவர் ஒரு பறவைக்கூடு அளவுதான் தெரிந்தார்.

கடைசியில் குரல் வந்தது. "மிசி... நோ குறைஞ்சிட்டுது. கைதான் நடுங்குது. பிடிக்க ஏலாமல் கிடக்கு."

பனையில் இறங்குவது கைப்பிடியில்தான். எங்கள் ஏணி மரத்தின் பாதிக்கும் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்று அஜந்தா சொன்னாள். அது பண்ணைப் பாலம் தாண்டி வருவதற்குள் இருட்டிவிடும். காற்றும் கூடிக்கொண்டிருந்தது. அந்தத் துணி எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது ஒழுங்கையில் சைக்கிள் ஒன்று நின்றது. தம்பிஐயா, தன்னுடைய மரங்களை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். உடைந்த முட்டியைப் பார்த்தார். சைக்கிளை வேலியில் சாத்தினார். தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தார்.

"தம்பிஐயா, ஒரு மரத்திலை ரண்டு பேரோ?" என்றேன்.

"மரத்துக்கு எண்ணத் தெரியாது மிசி," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவருடைய உள்ளங்கால்கள் மேலே போய்ச் சிறுத்தன. மட்டைகள் விரியும் வட்டுக்குக் கீழே வந்ததும் நின்றார். அந்த உயரத்திலும் அவர் பரமலிங்கத்தோடு பேசவில்லை. கீழே என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மிசி! அந்தாளிட்டைச் சொல்லுங்கோ, துணியை அவிட்டிட்டு வலது காலை என்ரை தோளிலை வைக்கச் சொல்லி!"

நான் அதை மேலே அனுப்பினேன். "பரமலிங்கம், வலது காலை அவரின்ரை தோளிலை வையும்!"

"மிசி, அந்தாளின்ரை தோள் தாங்குமோ எண்டு கேளுங்கோ!"

"தம்பிஐயா, தாங்குமோ?"

"கள்ளிலை தண்ணி கலக்கிற தோளில்லை எண்டு சொல்லுங்கோ!"

இதை நான் மேலே அனுப்பவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

பரமலிங்கம் துணியை அவிழ்த்தார். ஒரு கால் கீழே வந்து தேடியது, தோளைக் கண்டது. மற்றக் கால் வந்தது. மேலே இருந்தவர் மரத்தைக் கட்டிப்பிடிக்க, கீழே இருந்தவர் மரத்தையும் பிடித்துக்கொண்டு அவருடைய பாரத்தையும் வாங்கினார். தம்பிஐயா பாதங்களை ஒரு சாண் இறக்குவார், கையை இறக்குவார், நிற்பார். பிறகு பரமலிங்கத்தின் கைகள் ஒரு சாண் இறங்கும். திரும்பவும் அப்படியே. மரம் ஆடும்போது இருவரும் கன்னத்தை மரத்தில் வைத்து அசையாமல் நிற்பார்கள். ஆட்டம் அடங்கியதும் அடுத்த சாண்.

பாதியில் பரமலிங்கத்துக்கு வலி திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, அவருடைய முதுகு வளைந்தது. காலின் கீழ் இருந்த தோளும் ஒரு முறை தாழ்ந்தது. நான் வாயைத் திறக்கமுன், தம்பிஐயா தன் தலையை அவருடைய கெண்டைக்காலில் சாய்த்து, அந்தக் காலை மரத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலி போகும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள். அறுபது தாண்டிய ஈர்க்கு மனிதர், தன்னைவிடப் பாரமான ஒருவரைத் தோளில் வைத்துக்கொண்டு, வெறும் இரண்டு கைகளால் வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவில். மனிதத் தேகத்தைத் தூக்குவது, பிரட்டுவது, தாங்குவது பற்றி எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. அஜந்தா என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது பிறகுதான் தெரிந்தது.

நிலத்தில் இறங்கியதும் இருவரும் மரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் சாய்ந்து இருந்தார்கள். தம்பிஐயாவின் தோள் தோலுரிந்து சிவந்திருந்தது. நான் முதலில் பரமலிங்கத்தைப் பார்த்தேன். கண் வெள்ளையாக இருந்தது. காய்ச்சல் இல்லை. வலி முழுதாக விட்டுவிட்டது. நாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் எல்லாருக்கும் போல.

"நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸிலை ஆஸ்பத்திரிக்கு. அதுக்கு முதல் திரும்ப நொந்தால் அம்புலன்ஸ். இனி மரம் இல்லை. முறை வந்து, வெட்டி, ஆறி, டொக்டர் சொல்லுமட்டும் இல்லை," என்றேன்.

"நாளைக்குப் பாளை—"

"பாளை காயட்டும்!" என்று கத்தினாள் அஜந்தா. கோபத்தில் அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எனக்குப் பாளையே பெரிசு? நாளைக்கு நீங்கள் ஏறினால் கத்தியாலை உந்த மரத்தை நானே தறிச்சுப்போடுவன்!"

பரமலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மிசி, அவரிட்டைச் சொல்லுங்கோ, நான் சீவுறன் எண்டு. கள்ளை அவரின்ரை பேரிலையே சீவல்காரர் சங்கத்துக்குக் குடுக்கிறன்."

"கை மாறினால் வத்திப்போம் எண்டு அவருக்கும் தெரியும்தானே மிசி," என்றார் பரமலிங்கம்.

"வத்தினால் வத்தட்டும். ஆள் வத்தாமல் இருந்தால் காணும் எண்டு சொல்லுங்கோ."

நான் இருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தபால்காரி வேலையை அன்றைக்கு நிறையச் செய்துவிட்டேன். தம்பிஐயாவின் தோளைக் கழுவி மருந்து போட்டேன். அஜந்தா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பரமலிங்கம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் கிழக்கு வெளிக்கிறபோதே நான் போனேன், அவர் திரும்பவும் ஏறிவிடுவாரோ என்ற பயத்தில். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகச் சேர்ட்டும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நின்றார். தம்பிஐயா ஒரு பக்கமாகத் தோளைச் சரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் நடுவில் போய் நிற்கவில்லை. நாய்கூட அங்கே இல்லை.

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"அண்ணை," என்றார். "வடக்குப் பக்கத்துப் பாளை இளசு. அழுத்தாதேங்கோ. கத்தியைக் காட்டினால் காணும்."

தம்பிஐயா அவரை நேராகப் பார்த்தார். "தெரியும் தம்பி," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

அவர் மேலே சீவி முடிக்கும்வரை பரமலிங்கம் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கத்தி போவது அடிமரத்தில் தெரியும் என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். எனக்குக் காற்று மட்டும்தான் தெரிந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். ஒருமுறை "ஓம், அப்பிடித்தான்" என்று மரத்துக்குச் சொன்னார். அடுத்த மரத்துக்கும் போனார், அதற்கடுத்ததற்கும். ஒவ்வொன்றின் குணத்தையும் கீழே நின்று சொன்னார், மேலே ஏறியவர் கேட்டுக்கொண்டார். அஜந்தா ஸ்கான் படம் இருந்த பையோடு வாசற்படலையில் நின்று பஸ் வருகிறது என்று கூப்பிடும்வரை இது நடந்தது. பிறகு அவர் கையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் றோட்டுக்கு நடந்தார்.